படத்தைப் பார்க்கிற மாதிரி

தம்பி,

இந்தச் சாமத்தில் இருந்து எழுதுவதற்கு என்னைக் கோபிக்காதே. எழுத்துக் கோணலாக இருந்தால் நித்திரைக் கண் என்று நினைத்துக்கொள். அப்பா இரவு வேலைக்குப் போய்விட்டார். தாரணி உன் கட்டிலில் படுத்திருக்கிறாள். "அண்ணா வருமட்டும் நான் இதை சேவ் பண்ணி வைக்கிறன்" என்று வேறு ஒருவரையும் அதில் இருக்கவும் விடுகிறாளில்லை. பகலில் எழுத இருந்தால் சமையல், வேலை, லோன்றி என்று ஏதாவது ஒரு சாட்டு எனக்குக் கிடைத்துவிடுகிறது. நீ சொல்லுவது சரிதான், எனக்குச் சாட்டுத் தேட நன்றாகத் தெரியும். இப்போது ஒன்றும் மிச்சமில்லை. குசினி மேசையில் இந்தக் கடதாசியும் நானும்தான்.

நீ வருவதாக இருந்த சனிக்கிழமை நாங்கள் எல்லோரும் எயார்போட்டுக்குப் போனோம். தாரணி ஒரு மட்டையில் உன் பெயரை எழுதி, சுற்றிவரப் பூனைப் படங்கள் கீறிக் கொண்டு வந்தாள். "உவன் என்ன மந்திரியே, பேரைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்க?" என்று அப்பா பகிடி பண்ணினார். பாரிஸ் விமானத்து ஆட்கள் எல்லோரும் வந்து போனார்கள். கடைசியில் விமானத்தில் வேலை செய்கிற பெண்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு சிரித்தபடி போனார்கள். "சூட்கேஸ் வரச் சுணங்கியிருக்கும்" என்று அப்பா சொன்னார். நீ தோளில் ஒரு பையோடு மட்டும் போனவன் என்பது அவருக்கும் தெரியும். திரும்பி வரும்போது தாரணி அந்த மட்டையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் மார்க்கம் ரவுணிலிருந்து மாலினி அக்கா போன் எடுத்தா. உன்னை அந்த நாளில் தன் பிள்ளை என்று சொல்லிப் பாரிசிலிருந்து இங்கே கனடாவுக்குக் கூட்டி வந்தவ. இமிகிரேஷனில் சொன்ன அந்த ஒரு பொய்யைத் தவிர அவவுக்கு வேறு பொய் வராது. "பிள்ளை, நீ குறை நினையாதை. உவன் எனக்குப் போன் எடுத்தவன். செப்டெம்பர் படிப்புக்கு வரேல்லையாம். அங்கையே ஒரு ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவிக்கொண்டு இருக்கப் போறானாம். காலமையில மியூசியத்துக்குப் போய்ப் படம் பாக்கிறானாம்" என்றா. "ஏன் அக்கா எனக்கு எடுக்கேல்லை?" என்று கேட்டேன். "எனக்கு எடுக்கிறது அவனுக்கு லேசு. என்னோடை அவனுக்குக் கோவம் இல்லைத்தானே" என்றா. இந்தக் கடிதம் வரும் விலாசமும் அவ தந்ததுதான். பெற்ற பிள்ளையின் விலாசத்தை இன்னொரு ஆளிடம் எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதினேன்.

பிறகு உன் போஸ்ற்காட் வந்தது. எனக்கு இல்லை, தாரணிக்கு. அதில் அந்தப் படம். பின்னால் இங்கிலீசில் இரண்டே வரி: அம்மா பார்த்துக்கொண்டு நின்ற படம் இதுதான், நான் நினைத்ததை விடச் சின்னன். தாரணி அதைப் பிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறாள். பால் எடுக்கப் போகும் ஒவ்வொரு தரமும் அது என் முகத்துக்கு நேரே நிற்கிறது. நீ வேண்டுமென்று அப்படிச் செய்தாயோ தெரியாது. செய்திருந்தால் உனக்கு அந்த உரிமை இருக்கிறது.

போவதற்கு முதல் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். இந்த மேசையில்தான். "அம்மா, அண்டைக்கு மாலினி அன்ரி என்னைக் கூட்டிக்கொண்டு போகேக்கை நீங்கள் ஏன் திரும்பிப் பார்க்கேல்லை?" நான் என்ன சொன்னேன்? "பழங்கதையை விடு, சோறு ஆறுது." நீ எழும்பி நின்று இங்கிலீசில் ஏதோ கத்தினாய். அப்பா நிலைமை தெரியாமல், "என்னடா, தாயோடை சண்டை பிடிக்கிறதெண்டால் தமிழில பிடி, எனக்கும் விளங்கட்டும்" என்றார். நீ கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாய். கோபத்திலும் கோப்பையைக் கழுவுகிற பிள்ளை. அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் நீ இன்றைக்கு இந்த வீட்டில் இருந்திருப்பாய். அதைத்தான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டு திரிகிறேன். பஸ்ஸில் என் தரிப்பிடத்தைத் தாண்டிப் போய்விடுகிறேன். வேலையிடத்தில் ஒருவருடைய பெயருக்குப் பதிலாக உன் பெயரை அடித்து வைத்திருந்தேன்.

இனி ஒளிக்காமல் சொல்லுகிறேன். உனக்கு எட்டு வயது, பாதி உனக்கு நினைவிருக்கும், பாதி இருக்காது. அப்பா கொழும்பில் தடுப்புக் காவலில் இருந்தார். உன்னையும் என்னையும், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் பாரிஸ் வரைக்கும் கொண்டு வந்து, ஒரு மாடி அறையில் விட்டுவிட்டு, "கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த அறை இரவில்தான் எங்களுக்கு. பகலில் இரவு வேலை செய்துவிட்டு வருகிற பெடியள் அதே பாயில் படுப்பார்கள். அவர்கள் வர நாங்கள் இறங்க வேண்டும், பின்னேரம் அவர்கள் போக நாங்கள் ஏற வேண்டும். மாரிகாலம். முதலில் மெற்றோ ஸ்ரேசனில் இருந்தோம். பொலிஸ் வந்து ஆட்களை மறித்துக் கடதாசி கேட்கத் தொடங்க அதுவும் சரிவரவில்லை. எங்களிடம் காட்ட ஒரு கடதாசியும் இல்லை. அந்தப் பெடியளில் ஒருவன்தான் சொன்னான்: "அக்கா, மியூசியத்துக்குப் போங்கோ. ஹீற்றர் இருக்கு, குந்தியிருக்க வாங்கு இருக்கு, கக்கூஸ் இருக்கு. படம் பாக்கிற ஆளிட்டை ஒரு பொலிசும் பாஸ்போட் கேக்காது."

அப்படித்தான் நாங்கள் அந்தப் பழைய மாளிகைக்குள் போனோம். ரிக்கற் இல்லாத இடம் என்றபடியால் அது. ஒவ்வொரு நாளும் ஒரே உடுப்போடு வந்து சும்மா இருந்தால் சந்தேகம் வரும் என்று நான் பயந்தேன். ஒரு கொப்பியும் பென்சிலும் தந்து உன்னைப் படத்தைப் பார்த்துக் கீறச் சொன்னேன். நீ கீறிக்கொண்டிருந்தால் எங்களை ஒருவரும் எழுப்பமாட்டார்கள். உனக்கு விளங்குகிறதா தம்பி? நீ படம் கீறப் பழகியது பொலிசுக்குப் பயந்து. பிறகு இங்கே ஹைஸ்கூலில் உன் ஆர்ட் ரீச்சர் பெற்றார் கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் இவனைச் சின்ன வயதிலேயே தினமும் பாரிஸ் மியூசியங்களுக்குக் கூட்டிக்கொண்டு போனீர்களாமே, எவ்வளவு பண்பான குடும்பம்" என்றா. நான் யாழ்ப்பாணம் கம்பஸில் பட்டம் எடுத்தவள், புவியியல். அந்த மியூசியத்துக்குப் போக முதல் ஒரு ஓவியத்தையும் நிமிர்ந்து பார்த்தவளில்லை. ஆனாலும் "ஓம்" என்று தலையாட்டிச் சிரித்தேன். நீ பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்த்தாய். நானும் அதே பொய்யைத்தான் வைத்திருக்கப் போகிறேன் என்று உனக்கு அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும்.

கடைசி அறையில் இருந்தது அந்தப் படம். நல்ல கறுப்புப் பின்னணி, ஒரு மேசை, வெள்ளைத் துணி, பாதி உரித்தபடி விட்ட ஒரு தோடம்பழம், தோல் சுருளாகத் தொங்கும். மேசைக்குக் கீழே ஒரு பூனை. உனக்கு அந்தப் பழத்தில்தான் கண். "ஆரம்மா உரிச்சுப்போட்டுச் சாப்பிடாமல் போனது?" என்று கேட்டாய். "பஸ் வந்திருக்கும்" என்றேன். நீ யோசித்துவிட்டு, "இல்லை, பொலிஸ் வந்திருக்கும்" என்றாய். நான் அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அந்த அறைக் காவல்காரர் விரலை வாயில் வைத்து "உஷ்" என்றார், ஆனால் அவரும் சிரித்தார். பெரிய மீசை, நீல உடுப்பு. எங்களைப் படம் படிக்க வந்தவர்கள் என்று நினைத்திருப்பார் போல. அடுத்த நாள் தன்னுடைய மடக்குக் கதிரையைக் கொண்டுவந்து உனக்கு விரித்துத் தந்தார்.

அதற்குள் ஏஜென்சிக்காரன் வந்தான். கனடாவிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறா, அவவின் பாஸ்போட்டில் மகனுடைய பெயரும் சேர்த்து எழுதியிருக்கிறது, வயதும் உன் வயதுதான், மகன் அங்கே வீட்டில் நிற்கிறான் என்றான். "பெடியனை இப்பவே அனுப்பலாம். உங்களுக்குப் பிறகு வேற வழி பாப்பம். இது தவறினால் என்னைக் கேக்காதையுங்கோ." நான் பின்னேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். நீ கீறிக்கொண்டிருந்தாய். நான் அந்தத் தோடம்பழத்தைப் பார்த்துக்கொண்டு ஓம் என்று முடிவெடுத்தேன். ஏன் நீங்கள் முதல் போகவில்லை என்றும் நீ ஒருநாள் கேட்பாய். நான் போனால் அந்த அறையில் உனக்கு ஆர் இருக்கிறது?

ஒத்திகையும் அந்த மியூசியத்தில்தான். மாலினி அக்கா உன் கையைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடப்பா. நான் தனியே நிற்பேன். நீ அவவை "அம்மா" என்று கூப்பிட வேண்டும். என்னைக் கண்டால் தெரிந்த பாவனை காட்டக் கூடாது. முதல் நாள் நீ என்னைக் கண்டவுடன் ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தாய். உன்னைக் கக்கூசுக்குக் கூட்டிக்கொண்டு போய் முகத்தைக் கழுவிவிட்டுச் சொன்னேன்: "தம்பி, என்னை ஒரு படத்தைப் பார்க்கிற மாதிரிப் பார். பார்க்கலாம், பார்த்துப்போட்டு அடுத்ததுக்குப் போகவேணும்." அதைச் சொன்ன வாய் இதுதான். நீ கெட்டிக்காரன், உடனே பிடித்துக்கொண்டாய். மாலினி அக்காவே பயந்துபோய், "என்னடி இது, உண்மையாவே உன்னைத் தெரியாத மாதிரிப் போறான்" என்றா. நான் பெருமைப்பட்டேன். பட்டேன்தான், தம்பி.

கடைசி நாள் அவ உன்னை அங்கிருந்தே எயார்போட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனா. அறையில் விடைபெற்றால் நீ அழுவாய் என்று நான்தான் அப்படி ஒழுங்கு செய்தேன். நான் படத்துக்கு முன்னால் நின்றேன். நீ எனக்குப் பின்னால் வந்தாய். உன் சப்பாத்துச் சத்தம் எனக்குத் தெரியும். ஒரு கணம் நின்றது, பிறகு நடந்தது. நான் திரும்பவில்லை.

இப்போது கேள். அந்தப் படத்துக்குக் கண்ணாடி போட்டிருந்தது. படம் கறுப்பு, அறைக்குள் விளக்கு, அந்தக் கண்ணாடியில் பின்னாலுள்ள கதவு முழுக்கத் தெரியும். நீ கீறும் நாட்களில் ஆர் வருகிறார்கள், ஆர் போகிறார்கள் என்று திரும்பாமலே நான் அதில்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கும் அதில்தான் பார்த்தேன். பச்சைத் தொப்பி. வலது கை மாலினி அக்காவின் கையில், இடது கையில் கொப்பி. கதவடியில் நீ திரும்பி என் முதுகைப் பார்த்தாய். உன் முகம் அந்தத் தோடம்பழத்துக்குப் பக்கத்தில் தெரிந்தது. நான் திரும்பியிருந்தால் நீ ஓடிவந்திருப்பாய். ஓடிவந்திருந்தால் நான் உன்னை விட்டிருக்க மாட்டேன். நீ மறையும் வரைக்கும், மறைந்த பிறகும் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். நான் படத்தைப் பார்க்கவேயில்லை. அது சின்னப் படமா பெரிய படமா என்று கேட்டால் எனக்கு இப்போதும் சொல்லத் தெரியாது.

இதை ஏன் இவ்வளவு காலம் சொல்லவில்லை என்றால், இதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது. உன்னை அனுப்பிவிட்டு வெளியே வந்து நடந்தபோது என் கை லேசாக இருந்தது. இரவும் பகலும் உன் கையைப் பிடித்துக்கொண்டு, உனக்குப் பசிக்குமோ, குளிருமோ, பிடித்துவிடுவார்களோ என்று திரிந்த கை. கொஞ்சத் தூரம், ஒரு தெருவின் நீளத்துக்கு, எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகுதான் அழுகை வந்தது. ஆனால் நிம்மதி முதலில் வந்தது. நீ "ஏன் திரும்பிப் பார்க்கேல்லை" என்று கேட்டபோது கண்ணாடிக் கதையைச் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல வாயெடுத்தால் இதுவும் வந்துவிடும் என்று சோற்றைச் சொன்னேன்.

பிறகு நானும் வெளிக்கிட, என்னை எயார்போட்டில் பிடித்து, விமானத்தில் ஏற விடாமல் திருப்பி அனுப்பினார்கள். நான் திரும்ப அந்த அறைக்கே வந்தேன், பகலில் திரும்ப அந்த மியூசியத்துக்கே போனேன். மீசைக்காரர் என்னைத் தனியே கண்டார். உயரத்தைக் கையால் காட்டி, பிள்ளை எங்கே என்று கேட்டார். எனக்குப் பாஷை இல்லை. விமானத்தில் போய்விட்டான் என்று சொல்ல, விரலை மேலே காட்டினேன். அந்த மனுசன் தொப்பியைக் கழற்றினார். நெஞ்சில் சிலுவை போட்டார். அவர் கண் கலங்கியபோதுதான் எனக்கு விளங்கியது. இல்லை, இல்லை என்று தலையாட்டினேன். அவர் அதையும் துக்கம் என்று எடுத்துக்கொண்டு, உனக்குத் தந்த அந்த மடக்குக் கதிரையை விரித்து என்னை இருத்தினார். அன்றிலிருந்து நான் புறப்படும் வரைக்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் கதிரை எனக்கு வந்தது. குளிர், தம்பி. எனக்கு இருக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. பிள்ளை செத்த தாயாக அதில் இருந்தேன். விமானம் மாதிரிக் கையை விரித்துக் காட்டியிருக்கலாம், கொப்பியில் ஒரு விமானம் கீறிக் காட்டியிருக்கலாம். செய்யவில்லை. இப்போது நீ போன் எடுக்காத ஒவ்வொரு நாளும் அந்தக் கதிரைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. நான் படித்தவள், இந்தப் பாவம் பழியெல்லாம் நம்பக் கூடாது. நம்புகிறேன்.

அடுத்த கோடையில்தான் ரொறன்ரோ வந்து சேர்ந்தேன். சென் ஜேம்ஸ் ரவுணில் மாலினி அக்காவின் மாடிக்கு வந்தபோது நீ உயர்ந்திருந்தாய். அவவின் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, "ஹலோ அன்ரி" என்றாய். அறை முழுக்கச் சிரித்தது. "பாருங்கோவன், பெடியன் இன்னும் இமிகிரேஷனுக்கு நடிக்கிறான்" என்று ஒருவர் சொன்னார். நானும் சிரித்தேன். நீ நடித்தாயா, மறந்திருந்தாயா என்று நான் இன்றுவரை உன்னைக் கேட்கவில்லை. அன்றைக்கு உன்னைக் கட்டிப் பிடித்து அழுது குழறியிருக்க வேண்டும். "வளர்ந்திட்டாய்" என்று மட்டும் சொன்னேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நினைப்பாய். தாய் என்றபடியால் சொல்லுகிறேன். பாஸ்போட்டை உடம்போடு வைத்துக்கொள், அறையில் விடாதே. உன்னிடம் நல்ல பாஸ்போட் இருக்கிறது, தெருவில் தலையை நிமிர்த்தி நில், உனக்கு ஒளிக்க ஒரு இடம் தேவையில்லை. அங்கே நிற்க விருப்பமென்றால் நில், படம்தான் படிக்க வேண்டுமென்றால் படி. அப்பாவோடு நான் கதைக்கிறேன். ஆனால் என்னோடு இருக்கிற கோபத்துக்காக நிற்காதே. நான் சொல்லித் தந்ததில் ஒன்றே ஒன்றை மற, போதும். மனுசரைப் படத்தைப் பார்க்கிற மாதிரிப் பார்க்காதே. நீ அதை நல்ல வடிவாகப் படித்துவிட்டாய். என்னிடமே செய்கிறாய்.

போஸ்ற்காட்டில் கண்ணாடி தெரியாது. நேரே போ. படத்துக்கு இடப் பக்கமாக, கொஞ்சம் தள்ளி நின்று, பழத்துக்கும் பூனைக்கும் நடுவில் பார். கதவு தெரிகிறதா என்று பார். கண்ணாடியைக் கழற்றியிருந்தால், படத்தை வேறு அறைக்கு மாற்றியிருந்தால், என் சொல்லைத் தவிர உனக்குக் காட்ட என்னிடம் வேறொன்றும் இல்லை. அந்த மீசைக்காரர் இன்னும் வேலையில் இருந்தால் கிழவராகியிருப்பார். அவருக்கு முன்னால் ஒருக்காப் போய் நில். கையால் அந்த உயரத்தைக் காட்டு, பிறகு உன்னைக் காட்டு. அவர் அறிந்துகொள்ளட்டும்.

ஆனால் அதற்கு முதல் எனக்கு ஒரு போன் எடு, தம்பி. கலெக்ட் கோல் என்றாலும் எடு, எந்த நேரமென்றாலும் நான்தான் எடுப்பேன். போன் எடுக்க மனம் வராவிட்டால் இரண்டு வரி எழுதிப் போடு, இந்த முறை என்னுடைய பெயருக்கு. கெதியாய்ப் பதில் போடு.

அம்மா